ஆறே ஆறு அணுக்கள்

அன்பு மகளுக்கு,

கண் சிமிட்டுவதற்குள் அழிந்துபோகும் தனிமத்தை எதற்காக உருவாக்க வேண்டும் என்று போனில் கேட்டாய். நல்ல கேள்வி. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

117-ஆம் தனிமமான டென்னசினையே எடுத்துக்கொள். கணக்கு சுலபம்: பெர்க்கிலியத்தில் 97 புரோட்டான், கால்சியத்தில் 20. இரண்டு அணுக்கருவும் ஒன்றானால் 117. ஆனால் பெர்க்கிலியம்-249 தோண்டி எடுக்கிற பொருள் இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையில் 250 நாள் நியூட்ரான்களைப் பாய்ச்சி, ஆறவிட்டு, மாதக்கணக்கில் பிரித்தெடுத்தபின் கையில் வந்தது 22 மில்லிகிராம். அதன் அரை ஆயுளோ, அதாவது பாதி அழிந்துபோக ஆகும் காலம், ஒரு வருஷத்துக்கும் குறைவு. ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வரும். 2009-இல் அதை ரஷ்யாவுக்கு அனுப்பினால், காகிதங்கள் சரியில்லை என்று சுங்கத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பொட்டலம் அட்லாண்டிக்கை ஐந்து முறை கடந்தது! படிக்கும்போதே எனக்குப் பதறியது.

அப்புறம் ரஷ்யாவின் துப்னா ஆய்வகத்தில் மாதக்கணக்கில் கால்சியம்-48 அணுக்கருக்களை அதன்மேல் மோதவிட்டார்கள். கிடைத்தது ஆறே ஆறு அணுக்கள். அவற்றையும் யாரும் நேரில் பார்க்கவில்லை. புதிய அணு உணர்கருவியில் போய்ப் பதியும். இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த ஒரு ஆல்பா துகளை உமிழ்ந்து 115 ஆகும், பிறகு 113, பிறகு 111. ஒவ்வொரு துகளும் எவ்வளவு ஆற்றலோடு, எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று கோத்துப் பார்த்துத்தான் முதலில் இருந்தது 117 என்று கண்டுபிடித்தார்கள். 2010-இல் அறிவித்தார்கள், பெயர் வந்தது 2016-இல்.

சரி, இதனால் என்ன தெரிந்தது? நியூட்ரான் கூடக்கூட இந்தக் கனமான அணுக்கருக்கள் கூடுதல் நேரம் தாங்குகின்றன. இன்னும் நீண்ட ஆயுளுள்ளவை இருக்கும் என்ற கணிப்புக்கு இது பெரிய பலம். எனக்கு அதைவிடப் பிடித்தது இதன் வேதியியல். அட்டவணையில் டென்னசின் இருப்பது குளோரின், அயோடின் வரிசையில். ஆனால் இவ்வளவு கனமான அணுக்கருவைச் சுற்றும் உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குவதால் வெளிச்சுற்றுகளின் அமைப்பே மாறிவிடுகிறது. குளோரினைப் போல ஆவலோடு ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளாது, உலோகக் குணம்கூடக் காட்டலாம் என்கின்றன கணக்கீடுகள். சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அணுக்கள் இன்னும் கிடைக்கவில்லை.

இப்போது ஜப்பானில் கியூரியத்தின்மேல் வனேடியத்தை மோதவிட்டு 119-ஐத் தேடுகிறார்கள். 96-ஐயும் 23-ஐயும் கூட்டிப் பார். செய்தி வந்தால் உடனே உன்னைக் கூப்பிடுவேன், எந்த நேரமானாலும் எடு.

அன்புடன்,
அம்மா