படியிறங்க முடியாதவர்களுக்கும் பந்தி: ஆலயத் தலைவருக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் நம் மகளிர் பிரிவு வைக்கும் சாம்பாரைக் குறை சொல்ல கோலாலம்பூர் செந்தூலில் ஆள் கிடையாது. நான் கேட்க வந்தது வேறு: படியிறங்க முடியாத முதியவர்களுக்கு அந்தச் சாப்பாட்டை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பந்தியில் உட்காருவோரில் பலர் சொந்தக் காரில் வருகிறோம், என்னையும் சேர்த்துத்தான். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய ஃபிளாட்டின் நான்காவது மாடிப் பாட்டியால் வரமுடியாது. அங்கே லிஃப்ட் இல்லை. முட்டி போனவருக்கு வாசற்படியோடு ஊர் முடிந்துவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். ரயில்வே பட்டறையில் உழைத்தவர்கள், தோட்டம் கைமாறியதும் பட்டணம் வந்தவர்கள். பிள்ளைகள் காஜாங்கிலோ சிங்கப்பூரிலோ. மாதாமாதம் வெள்ளி (ரிங்கிட் பணம்) வந்துவிடும், சமைத்துப் போடத்தான் ஆளில்லை. மதியமும் இரவும் தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட்தான். இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரைகள் சிலவற்றை வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கமே வந்துவிடும். 2030-இல் மலேசிய மக்களில் சுமார் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்கிறது அரசாங்கக் கணிப்பு. நாமும் அதில் வருவோம் ஐயா.

நமக்கு இது புதிதும் இல்லை. 2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நம் இளைஞர் பிரிவுதான் மாடி மாடியாக ஏறிச் சாப்பாடு கொடுத்தது. கட்டுப்பாடு போனது, அதுவும் நின்றது. படிகள் அங்கேயேதான் இருக்கின்றன.

அதே அடுப்பு, அதே அண்டா போதும். பந்திக்கு முன் பதினைந்து பேர் சாப்பாட்டைத் தனியே எடுத்து வைக்கலாம். சோறு குழைந்திருக்க வேண்டும், உப்பும் காரமும் குறைய வேண்டும். தேங்காய்ப்பால் குழம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். நம் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், பாட்டிகளோ பாதியை ராத்திரிக்கு மூடி வைப்பார்கள். சொன்னால் கேட்பார்களா என்ன! பொலிஸ்டிரீன் டப்பாவை விட தூக்குச்சட்டி நல்லது. "சாப்டீங்களா பாட்டி" என்றால் "ஆச்சுப்பா" என்றுதான் பதில் வரும். மறுமுறை தூக்கைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஒரு வீட்டுக்கு எப்போதும் ஒரே ஆள் போகட்டும். ஏமாற்றுக்காரர்களுக்குப் பயந்து கிரில்லைப் பூட்டி வைத்திருப்பவர்கள் தெரிந்த முகத்துக்குத்தான் திறப்பார்கள். போனவர் கால்மணி நேரமாவது உட்கார வேண்டும். மாத்திரை தீர்ந்ததும், குளியலறையில் வழுக்கி விழுந்ததும் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1954-இல் இப்படியொரு சேவை தொடங்கியபோது உணவைச் சுமந்தவர்கள் பள்ளி மாணவர்கள். நம் தேவார வகுப்பிலும் படிவம் நான்கு, ஐந்து (பதினாறு, பதினேழு வயது) பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவர் ஒருவரோடு அவர்களை அனுப்பலாம்.

அடுத்த செயலவைக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். திருவிழா முடியட்டும் என்று தள்ளிவிடாதீர்கள், நமக்குத் திருவிழா முடிவதே இல்லை. எந்த வீட்டில் யார், என்ன நோய், யாருக்குப் பல் இல்லை என்ற பட்டியலோடு வருகிறேன். தூக்குச்சட்டி வாங்க முதல் முந்நூறு வெள்ளியும் என்னுடையது.

இப்படிக்கு,
ஆலய உறுப்பினர்களில் ஒருத்தி