பழகுநர் பயிற்சி ஆலைக்குள் நடக்கட்டும்

ஆசிரியருக்கு,

பொறியியல் பட்டதாரிகளுக்கான ஓராண்டு தொழில் பழகுநர் பயிற்சி பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். உதவித்தொகையை உயர்த்தச் சொன்னது சரி. ஆனால் அந்த ஓராண்டில் என்ன கற்றுத்தருகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டப்படி இவர்கள் பயிற்சி பெறுவோர், தொழிலாளர் அல்லர். நடைமுறையில் பலர் கோப்பு அடுக்கும் கூடுதல் ஆட்களாகிவிடுகிறார்கள்.

ஒரு பெரிய நிறுவனத்தில் நான் பழகுநராக இருந்தபோது, தொடக்க மாதங்கள் ஸ்டோர்ஸில் ரசீது சரிபார்ப்பதிலேயே போயின. அப்புறம் வெல்டிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே மூத்த ஃபோர்மேன் ஒருவர் எக்ஸ்ரே ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்து, பற்றவைப்பில் சிக்கிய காற்றுக்குமிழி எது, கசடு எது என்று காட்டித்தந்தார். கல்லூரிப் படிப்பு அன்றுதான் கைக்கு வந்தது.

பயிற்சிக் காலத்தில் பாதியாவது உற்பத்திப் பிரிவில் என்பதைக் கட்டாயமாக்கி, சென்னை தரமணியிலுள்ள தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் ஆலைகளுக்கு நேரில் சென்று, பழகுநர்களிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

– வாசகர், ஈரோடு