மலிவு குயிக் ஹிட்ச் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் மினி டிராக்டர் வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குதிரைத்திறன், விலை, டீசல் செலவு, மானியம் எல்லாவற்றையும் அட்டவணை போட்டு நன்றாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் கருவிகளை மாட்டிக் கழற்றுவது கஷ்டமாக இருந்தால் ஒரு குயிக் ஹிட்ச் (கருவியைச் சட்டென்று கோர்க்கிற கொக்கி அமைப்பு) வாங்கிக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அதே மாதிரி ஒரு வரியை வேறொரு இடத்தில் படித்துவிட்டுத்தான் போன வருடம் நான் 11,500 ரூபாயைக் கரைத்தேன். அந்த எரிச்சலில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். வெட்டினாலும் அளவுகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் அம்பத்தூர்க்காரன். தொழிற்பேட்டையில் லேத் முன்னால் நின்றே தலை நரைத்தது. ஊத்துக்கோட்டைப் பக்கம் 3 ஏக்கர் இருக்கிறது, வேர்க்கடலையும் கத்தரியும் போடுகிறோம், ஓரத்தில் பத்துப் பதினைந்து மாமரம். 24 குதிரைத்திறன் வண்டி ஒன்று. மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர், ஐந்து கொத்துக் கலப்பை, மண் சமப்படுத்தும் பலகை என்று மூன்று கருவிகள். சனிக்கிழமை விடிகாலையில் சென்னையில் கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிற ஆளுக்கு, அந்த இரண்டு நாளில் கருவி மாற்றவே ஒன்றரை மணி நேரம் போனால் எப்படி இருக்கும்?

மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டியை ரிவர்ஸ் எடுத்து, இடது லிங்க் (கருவியைத் தாங்குகிற இரும்புக் கை) சரியாக வந்துவிட்டது என்று இறங்கிப் பார்த்தால் வலது பக்கம் ஓட்டை இரண்டு விரல் தள்ளி நிற்கும். கடப்பாரையை விட்டு 200 கிலோ ரோட்டவேட்டரை நெம்ப வேண்டும். நெம்பினால் இடது பக்கம் மாட்டியது இறுகிக்கொள்ளும். மறுபடி ஏறி கிளட்ச்சில் ஒரு அங்குலம் நகர்த்தினால் வண்டி மூன்று அங்குலம் போகும். போன ஆவணியில், ஈர மண்ணில் இப்படிப் போராடிக்கொண்டிருந்தபோது, உதவிக்கு நின்ற பையன் ஓட்டைக்கு நேரே கருவியின் பின் (மாட்டுகிற இரும்பு முளை) வந்துவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். நான் ஹைட்ராலிக் நெம்புகோலில் கை வைத்திருந்தேன். லிங்க் ஒரு நூல் இறங்கியது. நகம் மட்டும் போனது, விரல் தப்பியது. அன்று ராத்திரியே குயிக் ஹிட்ச் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. டிராக்டர் பின்னால் இருக்கிற மூன்று புள்ளி இணைப்பு, அதாவது கீழே இரண்டு லிங்க், மேலே ஒரு டாப் லிங்க், ஐரிஷ்காரரான ஹாரி ஃபெர்குசன் கொண்டுவந்தது. 1939-ல் ஃபோர்டு 9என் வண்டியில் வந்த பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. மாஸி ஃபெர்குசன் என்ற பெயரில் இருக்கிற ஃபெர்குசன் அவர்தான். 1960-ல் தொடங்கிய டாஃபே அந்தப் பெயரில்தான் நம் செம்பியத்தில் டிராக்டர் செய்தது, ஆக இது சென்னைக்கு அந்நியமான சமாச்சாரம் இல்லை. குயிக் ஹிட்ச் என்பது இந்த மூன்று புள்ளிகளிலும் ஒரு இரும்புச் சட்டத்தை நிரந்தரமாக மாட்டிவிட்டு, அதன் கொக்கிகளால் கருவியின் பின்களைக் கீழிருந்து கோர்த்துத் தூக்குவது. ரிவர்ஸ் எடு, தூக்கு, கொக்கி பூட்டிக்கொள்ளும். இறங்கவே வேண்டாம் என்பார்கள். அது பாதிப் பொய், பிறகு சொல்கிறேன்.

ஆன்லைனில் பார்த்து, பிறகு ஒரு கடையில் நேரில் விசாரித்து, தலைகீழ் ப வடிவச் சட்டம் ஒன்றை வாங்கினேன். "எல்லா மினி டிராக்டருக்கும் சேரும் சார், கேட்டகிரி ஒன்று" என்றார் கடைக்காரர். கேட்டகிரி என்றால் இணைப்பின் அளவு வகை. அவர் சொன்னது பொய் என்று சொல்லமாட்டேன். டிராக்டருக்குச் சேர்ந்தது. கருவிக்குத்தான் சேரவில்லை.

என்ன ஆனது என்றால், கேட்டகிரி 1 என்றாலே கீழ் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ., இரண்டு கீழ்ப் பின்களுக்கும் நடுவில் 683 மி.மீ. அகலம். இதுவரை சரி. ஆனால் கீழ்ப் பின்னிலிருந்து மேல் பின் வரை உள்ள உயரம், அதாவது மாஸ்ட் உயரம், இந்த மூன்று புள்ளி இணைப்புக்கான தரத்தில் 460 மி.மீ. அமெரிக்க முறையில் செய்த குயிக் ஹிட்ச் சட்டத்திலோ மேல் கொக்கி 15 அங்குலத்தில், 381 மி.மீ. உயரத்தில் நிற்கும். இரண்டும் கேட்டகிரி 1-தான், நடுவில் 79 மி.மீ. இடிக்கிறது, மூன்று அங்குலத்துக்கு மேல்! என் ரோட்டவேட்டரின் மேல் பின் அந்தக் கொக்கிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. வாழ்நாள் முழுக்க மைக்ரோமீட்டர் பிடித்தவன் வாங்கும்போது டேப் எடுத்துப்போகவில்லை என்று என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறார், நியாயம்தான்.

அடுத்தது கொக்கியின் வாய். அது 22 மி.மீ. பின்னுக்காகச் செய்தது இல்லை, அந்தப் பின் மேல் 36.5 மி.மீ. வெளிவிட்டம் உள்ள ஒரு புஷ், அதாவது குழாய் மாதிரி உறை, போட்டால்தான் ஆடாமல் உட்காரும், மேல் பின்னுக்கு 31.75. ஒவ்வொரு கருவிக்கும் மூன்று புஷ், என் மூன்று கருவிக்கு ஒன்பது. எனக்கு லேத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு மத்தியானத்தில் கடைந்துகொண்டேன். மற்றவர்களுக்கு இது தனிச் செலவு, விலைப்பட்டியலில் யாரும் காட்டமாட்டார்கள்.

ஐந்து கொத்துக் கலப்பை கதை இன்னும் மோசம். அது பக்கத்து ஊர்ப் பட்டறையில் அடித்தது, பட்டறைக்காரர் தன் கண் அளவில் பின்களை வைத்திருக்கிறார், அகலம் 640 மி.மீ.தான். லிங்க் என்றால் கொஞ்சம் உள்ளே வளைந்து கொடுக்கும், அதனால் இத்தனை வருடம் அது தவறு என்றே எங்களுக்குத் தெரியவில்லை. சட்டம் வளையாது. உள்ளதை உள்ளபடி காட்டிக்கொடுத்துவிட்டது. 15 குதிரைத்திறன் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம், சின்னக் கருவிகள் சிலவற்றில் 400 மி.மீ. அகலக் குறுகல் வகையும் உண்டு, அதற்கு 683 சட்டம் எந்த ஜென்மத்திலும் சேராது.

சரி, மேல் ஓட்டைக்குத் தகடு வெட்டி வெல்டிங் செய்து 381 உயரத்தில் ஒரு காது வைத்தோம், மாட்டிவிட்டோம். அப்புறம்தான் ஷாஃப்ட். சட்டம் இருக்கிற கனத்துக்கு ரோட்டவேட்டர் நாலு அங்குலம் பின்னால் தள்ளிப் போகிறது. இன்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகிற பிடிஓ ஷாஃப்ட் இரண்டு குழாய் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிற சமாச்சாரம், வேலை செய்யும் நிலையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். என்னுடையதில் நாலு விரல் அளவுதான் மிஞ்சியது. நிமிடத்துக்கு 540 சுற்றில் அது உருவிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன், வண்டியை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நீள ஷாஃப்ட் இன்னொரு நாலாயிரம். இறங்காமல் மாட்டலாம் என்பது பாதிப் பொய் என்றேனே, அதுவும் இங்கேதான்: ரோட்டவேட்டருக்கு இன்ஜினை அணைத்து, இறங்கி, குனிந்து, ஷாஃப்டைக் கையால்தான் கோர்க்க வேண்டும். ஐந்து கொத்துக் கலப்பைக்கும் பலகைக்கும் மட்டும்தான் அந்த சுகம். எடையும் உண்டு. என் சட்டம் 34 கிலோ. இந்த ரக வண்டிகள் தூக்குவது 750 கிலோ அளவில், அதுவும் லிங்க் முனையில் கணக்கு. பாரம் பின்னால் தள்ளத் தள்ள தூக்குவது குறையும், முன் சக்கரம் லேசாகும், வரப்பு ஏறும்போது ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது.

கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வெல்டிங் பட்டால் எடுக்கமாட்டாராம். அதுவும் நியாயம் என்றே வைத்துக்கொள்வோம்.

மலிவாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். ஒன்றோ இரண்டோ கருவி வைத்திருந்து வருடத்துக்கு நாலு தடவை மாற்றுகிறவருக்கு எந்தக் குயிக் ஹிட்சும் தேவையில்லை. கருவி வைக்கிற இடத்தில் பத்துக்கு எட்டு அடி சிமென்ட் தளம் போடுங்கள், கருவியைக் கழற்றும்போதே கட்டை கொடுத்து லிங்க் உயரத்துக்கு நிறுத்துங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். எனக்கு இது கடைசியில்தான் உறைத்தது. சங்கிலி இருக்கிற இடத்தில் திருகு வைத்த ஸ்டெபிலைசர் போட்டால் லிங்க் ஆடாமல் நிற்கும், அதுவும் பெரிய செலவு இல்லை.

அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு, நம் ஊர்க் கருவிகளின் அளவு இப்படித் தாறுமாறாக இருக்கும் வரை, முழுச் சட்டத்தைவிடக் கீழ் லிங்க் முனையில் தனித்தனியாக மாட்டுகிற கொக்கி ஜோடிதான் உருப்படி என்பேன். அகலம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். டாப் லிங்க்கைக் கையால் மாட்ட வேண்டும், அதனால் மாஸ்ட் உயரப் பிரச்சினையே கிடையாது. முக்கோண வடிவமும் ஒன்று உண்டு. டிராக்டரில் ஒரு முக்கோணம், கருவியில் ஒன்று, ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும், ஐரோப்பாவில் அதிகம். அருமையாகத்தான் வேலை செய்யும், ஆனால் கருவிக்கு ஒரு முக்கோணம் வாங்க வேண்டும். ஐந்தாறு கருவி இருந்தால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை, சட்டம்தான் வேண்டும் என்றால் மேல் கொக்கி ஏற்றி இறக்க முடிகிறதாகப் பாருங்கள். அசையாத கொக்கி உள்ளதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். எதை வாங்கினாலும் கொக்கியின் பூட்டு தானாக விழுகிறதா, கருவியைத் தூக்கி ஒரு உலுக்கு உலுக்கிய பிறகும் அப்படியே நிற்கிறதா என்று கடையிலேயே காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சட்டம் மாட்டியிருக்கிறதே என்று டிரெய்லரை அதன் மேல் கொக்கியில் கட்டி இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே கட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கி வண்டியே ஓட்டுகிறவர் மேல் மல்லாந்து விழும். டிரெய்லரை இழுக்க வண்டியின் கீழே டிராபார் என்ற இழுவைக் கம்பி இருக்கிறது.

மூன்று புள்ளி இணைப்புக்கு நம் நாட்டிலும் ஐஎஸ் 4468 என்று தரம் இருக்கிறது. பட்டறை ரோட்டவேட்டரானாலும் பெரிய கம்பெனி ரோட்டவேட்டரானாலும் மாஸ்ட் உயரம், பின் அகலம், பின் விட்டம் என்ற மூன்று எண்ணைத் தகட்டில் குத்திக் கொடுப்பதில் யாருக்கும் என்ன நஷ்டம்? மானியத்தில் கருவி கொடுக்கும்போது வேளாண்மைப் பொறியியல் துறை இதைக் கேட்டு வாங்கலாம். அதுவரை, நீங்கள் அடுத்த முறை டிராக்டர் அட்டவணை போடும்போது, டீசல் செலவுக்குப் பக்கத்தில் இந்த மூன்று எண்ணுக்கும் இடம் விட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை.