வரி குறைந்தது, கல்லாவும் குறைந்தது

ஐயா,

'வரியைக் குறைத்தாலும் கடைக்காரர்கள் விலையைக் குறைப்பதில்லை' என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் சென்ற வாரம் எழுதியிருந்தார். வேலூரில், காட்பாடிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். அவர் சொல்லும் கடைக்காரர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து வரியை முடிவு செய்யும் ஜி.எஸ்.டி. மன்றம் 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடி முடிவெடுத்தது. 22-ஆம் தேதி முதல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. நல்ல முடிவுதான், என் வீட்டிலும் சோப்பு வாங்குகிறோம். ஆனால் 21-ஆம் தேதி இரவு என் அலமாரியில் இருந்த சரக்கு 18 சதவீத வரி கட்டி வாங்கியது.

பெரிய கடைகளுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. வாங்கும்போது கட்டிய வரியை, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொண்டு, விற்கும்போது 5 சதவீதம் போட்டுவிடலாம். நான் காம்போசிஷன் முறையில் இருப்பவன். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் வியாபாரி, நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டிவிட்டு, கணக்கு வழக்குத் தொல்லை அதிகம் இல்லாமல் கடை நடத்த வந்த முறை அது. அதற்கு விலையாக, வாங்கும்போது கட்டிய வரியில் ஒரு பைசா திரும்ப வராது. விற்பனை நாற்பது லட்சத்தைத் தொடாததால் பதிவே செய்யாமல் இருக்கும் தெருமுனைக் கடைகளுக்கும் இதே கதைதான்.

கணக்கைப் பாருங்கள். வரியோடு 118 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட பொருளை நான் 108 ரூபாய்க்கு வாங்கியிருப்பேன். வரி குறைந்த பிறகு அதன் விலை 105 ரூபாய். லாபம் பத்து ரூபாயும் போய், கைமுதலிலும் மூன்று ரூபாய் போகிறது. அன்றிரவு நானும் என் மகனும் இருப்பை எண்ணினோம். இந்த வகைச் சரக்கு மட்டும் கொள்முதல் விலையில் சுமார் அறுபதாயிரம் ரூபாய்க்கு இருந்தது. எல்லாவற்றையும் புது விலைக்கு விற்று முடித்தபோது, பழைய விலையில் வந்திருக்க வேண்டியதில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் துண்டு விழுந்தது. ஏழாயிரம்தானே என்று சிலர் நினைக்கலாம். அது என் கடைப் பையனின் பாதி மாதச் சம்பளம்.

வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கவே எனக்குச் சட்டத்தில் அனுமதியில்லை. பிறகு எந்த வரியை நான் குறைப்பது? இதைக் கல்லாவுக்கு முன்னால் நிற்பவரிடம் சொல்ல முடியுமா? அவர் கையில் செல்போன், அதில் முழுப்பக்க விளம்பரம், அதில் புது விலை. "என்னண்ணா, மோடி குறைத்துவிட்டார், நீங்கள் குறைக்கமாட்டீர்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். தினமும் பால் வாங்க வருபவர். குறைத்துத்தான் கொடுத்தேன்.

சரக்குப் போடும் ஏஜென்சிக்காரரிடம் வித்தியாசத்தைக் கேட்டேன். "எங்களுக்கே இன்னும் கிரெடிட் நோட் வரவில்லை அண்ணா, வந்தால் பார்க்கலாம்" என்றார். வித்தியாசத்தைக் கம்பெனி வரவு வைத்துத் தரும் சீட்டு அது. பிறகு அவருக்கு வந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு வரவில்லை. மாறாக, பழைய விலை அச்சிட்ட சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்ற பதில் மட்டும் உடனே வந்தது.

வரி ஏறும்போது லாபம் பார்த்திருப்பீர்களே என்று அந்த வாசகர் கேட்கக்கூடும். ஜி.எஸ்.டி.க்கு முன் இருந்த வாட் வரி 2007 ஜனவரியில் வந்தபோதும், 2011 ஜூலையில் மாநில அரசு அதை 12.5 சதவீதத்திலிருந்து 14.5 ஆகவும், 4 சதவீதத்திலிருந்து 5 ஆகவும் உயர்த்தியபோதும் கல்லாவில் என் அப்பா இருந்தார். பழைய எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். பழைய விலைக்கே விற்றோம். ஏறும்போது அச்சிட்ட விலை எங்களைக் கட்டுகிறது. இறங்கும்போது அதே அச்சிட்ட விலைக்கு விற்றால் கொள்ளைக்காரன் என்ற பெயர்.

விலக்குகளிலும் இதே கோணல்தான். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி. உடனே 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்துவிட்டது. ஆரணி அரிசியைப் பத்து கிலோ பையாக வாங்கும் கூலித்தொழிலாளி வரி கட்டுகிறார். மூட்டையாக வாங்கிப்போடும் வசதி உள்ளவர் கட்டுவதில்லை. வெல்லமும் பொரியும் அப்படித்தான்: உதிரியாகத் தராசில் நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை, சுத்தமாகப் பையில் அடைத்து லேபிள் ஒட்டினால் உண்டு. சப்பாத்திக்கு 5, பரோட்டாவுக்கு 18 என்று நடந்த கூத்தாவது இந்த மாற்றத்தோடு ஒழிந்தது.

பொதுவான விற்பனை வரி இந்த நாட்டில் முதலில் வந்தது 1939-இல், நம் சென்னை மாகாணத்தில்தான். மதுவிலக்கால் இழந்த வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி கொண்டுவந்தார். நம் வடஆற்காடு மாவட்டத்துக்கு மதுவிலக்கு வந்ததும் அதே ஆண்டுதான். அந்தச் சட்டத்திலேயே ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக விற்ற கடைகளுக்கு விலக்கு இருந்தது. சிறிய கடையைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது. இன்று மதுவும் கிடைக்கிறது, வரியும் இருக்கிறது. அது வேறு பேச்சு.

நான் கேட்பது இவ்வளவுதான். வரி குறையும்போது அந்த வித்தியாசத்தை நிறுவனங்கள் காம்போசிஷன் கடைகளுக்கும் பதிவில்லாத கடைகளுக்கும், அறிவிப்பு நாளின் இருப்பைக் கணக்கிட்டு, ஏஜென்சி வழியாகத் தந்தாக வேண்டும் என்று விதி வரட்டும். அல்லது, முடிவுக்கும் அமலுக்கும் நடுவில் 19 நாள் விடாமல், எங்கள் சரக்கு விற்றுத் தீரும் அளவுக்கு இரண்டு மாதமாவது விடட்டும். ஜி.எஸ்.டி.யில் பாதி மாநிலத்துக்குத்தான் வருகிறது. நம் மாநில நிதியமைச்சரும் அந்த மன்றத்தில் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் இதை அவர் எழுப்பலாம்.

செப்டம்பர் 21 இரவு எழுதிய இருப்புப் பட்டியல், கொள்முதல் பில்களோடு என்னிடம் இருக்கிறது. அந்த வாசகர் பார்க்க விரும்பினால் நகல் அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.