வயர்லெஸ் செட்டிலிருந்து தொடங்கட்டும் இந்தப் பாடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளச்சல் பக்கம் சாயங்காலங்களில் ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். மின்காந்த அலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. உங்கள் மாணவர் பக்கத்தை எங்கள் பிள்ளைகள் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

இந்த விஷயம் பிளஸ் டூ இயற்பியலில்தான் முழுப் பாடமாக வருகிறது. பத்தாவது முடித்து காமர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு அதுவும் கிடையாது. கீழ்வகுப்பில் அங்கங்கே வரும் துண்டுகளையும் ரேடியோ அலை, நுண்ணலை, அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ், காமா என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிடுகிறார்கள். சரி, இதில் எதெல்லாம் உங்கள் வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், இந்தப் பாடம் உயிர் சம்பந்தப்பட்டதாக இருக்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பிள்ளைகளின் அப்பாமார் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள். போட்டில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் அனுப்புவது ரேடியோ அலைதான், அது பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும், ஆனால் பூமி உருண்டை என்பதால் தூரம் போகப் போகக் கடல் வளைந்து கீழே இறங்கிவிடுகிறது, அதனால் சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஒரு போட்டின் குரல் இன்னொரு போட்டுக்குப் போய்ச் சேராது. ஆன்டெனாவை ஏன் போட்டின் உச்சியில் கட்டுகிறார்கள் என்று கேட்டால், இதைப் புரிந்துகொண்ட ஆறாம் வகுப்புப் பிள்ளையே பதில் சொல்லும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போயிருந்த போட்டுகளுக்குக் கரையிலிருந்து வயர்லெஸில் தகவல் சொல்ல முடியவில்லை. அவ்வளவு தூரத்துக்கு சாட்டிலைட் வழியாகத்தான் சொல்ல முடியும். அப்பாவை, சித்தப்பாவைக் கடலில் பறிகொடுத்த வீடுகளில் இன்று படிக்கிற பிள்ளைகளுக்கு, அந்த அலை ஏன் போய்ச் சேரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டாமா?

அப்புறம், இதற்கு லேப் தேவையில்லை. டிவி ரிமோட்டின் முனையை போன் கேமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அமுக்கினால், வெறும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிர் ஊதாவாக மினுங்கும். சில போன்களில் பின் கேமரா அதை வடிகட்டிவிடும், செல்ஃபி கேமராவில் பாருங்கள். பாட்டரி ரேடியோவில் நாகர்கோவில் வானொலியை 101 மெகாஹெர்ட்ஸில் பாடவிட்டு, ஆன்டெனாவை மடக்கி எவர்சில்வர் பானைக்குள் வைத்து இறுக்கி மூடினால் பாட்டு போய்க் கரகரப்புதான் மிஞ்சும், ஏனென்றால் உலோகம் அந்த அலையை உள்ளே விடாது. மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடிக் கதவில் ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு இருப்பதும் இதனால்தான். அடுப்புக்குள் இருக்கும் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், அந்தப் பொடி ஓட்டை வழியாக அது வெளியே வர முடியாது. ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்துக்கு மேல் அடங்குகிற அளவு சின்னது, அதனால் அது தாராளமாக வெளியே வருகிறது, உள்ளே சாப்பாடு சுற்றுவது நமக்குத் தெரிகிறது. இதைச் சொன்ன அன்று ஒரு பையன் வீட்டுக்கே போகவில்லை, பானையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

தேனீ வளர்க்கிற மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளாக இருந்தால் தேனீயை வைத்துத் தொடங்கலாம், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவைத் தேனீ பார்க்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மூர்ப் பிள்ளைகள் கதிர்வீச்சு என்றதுமே பயப்படுகிறார்கள். மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கிறது, செல்போன் கோபுரத்தைப் பற்றியும் நடக்கிறது, பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது, அதிலிருந்து வருவதில் ஆல்ஃபாவும் பீட்டாவும் துகள்கள், காமா மட்டும்தான் மின்காந்த அலை. காமாவுக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும் சக்தி உண்டு, அதனால் எவ்வளவு படுகிறது என்று அளந்து கவனமாக இருக்க வேண்டும். கோபுரத்து அலைக்கு அந்தச் சக்தி இல்லை. அது மிக அதிகமாகப் பட்டால் சூடாக்கும், அதற்குத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்தால், பெரியவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்கும்.

ஆகவே, உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு அலை என்று ஏழு வாரம் போடுங்கள். வரையறையை முதலில் வைக்காமல், அன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கிற ஒரு சோதனையோடு தொடங்குங்கள். நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ரேடியோ அலைப் பாடம் எடுக்கும் நாளில், ஆழ்கடலுக்குப் போய்வரும் ஒரு பெற்றோரை வயர்லெஸ் செட்டோடு வகுப்புக்குக் கூப்பிடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் வரும் முன் சொல்லி வைத்துவிட்டால், போட்டெல்லாம் கரையில் இருக்கும்போது பள்ளி திறந்ததும் வருவதற்கு அவர்களுக்கும் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
குளச்சல்