கழித்து ஒதுக்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்: பாடசாலைக் கணினிகள் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிழக்கு மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், திருகோணமலை மாவட்ட வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். நாங்கள் திருகோணமலையில் நிரல் எழுதுபவர்களும் கணினி திருத்துபவர்களும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பாடசாலைக் கணினிகளைப் பழசு என்று கழிக்கும் கடிதத்தில் ஒப்பமிடுமுன், ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவற்றுள் பல, ஒரு எஸ்.எஸ்.டி.யும் (வேகமான சேமிப்பகம்) ஒரு ராமும் (தற்காலிக நினைவகம்) லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் கிடைத்தால் இன்னும் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உழைக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்பதோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும். ஆய்வுகூடங்களில் இருக்கும் இன்டெலின் கோர் 2 டுவோ, இரண்டாம் முதல் நான்காம் தலைமுறை ஐ3 செயலிகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. இயந்திரம் கெட்டதால் அல்ல, ஒரு நிறுவனம் கோடு கிழித்ததால்தான் அவை பழசாகின. டெபியன் 13 என்ற லினக்ஸ் வகை இந்த 64 பிட் செயலிகள் அனைத்திலும் ஓடும். 32 பிட் மட்டும் தெரிந்த மிகப் பழைய பெட்டிகளுக்கு டெபியன் 13 இல் நிறுவி இல்லை. அவற்றை உதிரிப் பாகங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் வன்பொருள். நிலாவெளி, குச்சவெளி, மூதூர், கிண்ணியா போன்ற கரையோரப் பாடசாலைகளில் கணினி ஓடாமல் போவதற்கு உப்புக்காற்று பெரிய காரணம். மின்விசிறி உள்ளே இழுக்கும் காற்றோடு உப்பும் ஈரமும் சேர்ந்து போய் ராமின் பொன்முனைகளில் படியும். ஆளியைப் போட்டால் விசிறி சுற்றும், பீப் சத்தம் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். 'மதர்போர்ட் போயிற்று' என்று எழுதி மூலையில் வைப்பது இந்த நிலையில்தான். மின்வடத்தைக் கழற்றி, ராமை எடுத்து, வெள்ளை அழிறப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் அற்ககோலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மீண்டும் பொருத்துங்கள். பல பெட்டிகள் அதோடு எழும்பிவிடும். தம்பலகாமம் போல உள்ளே தள்ளிய இடங்களில் உப்பைவிடக் கச்சான் காலத்துப் புழுதியே எதிரி. அங்கே செயலியின் விசிறியைத் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதிதாக இட்டால் திடீரென நிற்பது குறையும். மாரி மாதங்களிலும் விடுமுறையிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். உள்ளே எழும் சூடே ஈரத்தை விரட்டும்.

அடுத்தது சி.ஆர். 2032 நாணய மின்கலம். 3 வோல்ட் கொடுக்கவேண்டிய அது இறங்கிவிட்டால் கடிகாரம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்னே போகும். இணைய உலாவி ஒவ்வொரு தளத்தையும் பாதுகாப்பற்றது என்று மறுக்கும், டெபியனும் புதுப்பிப்புகளை 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று தள்ளிவிடும். இணையம் கெட்டுவிட்டது என்று இணைப்புக் கொடுத்தவரைத் தேடிப் போகுமுன் திகதியைப் பாருங்கள்.

கொள்வனவில்தான் பணம் வீணாகும், ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். ஒரு கணினிக்குத் தேவை 120 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று, ராம் மொத்தம் 4 ஜி.பி. வேண்டும். வெறும் 2 ஜி.பி.யிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான திரைச்சூழல் ஓடும், ஆனால் உலாவியில் மூன்று தாவல்களைத் திறந்ததும் இழுபறிதான். டி.டி.ஆர். 3 என்ற வகை ராம் எல்லாம் ஒன்றல்ல. சந்தையில் மிக மலிவாக வரும் சில துண்டுகள் ஏ.எம்.டி. செயலிக்கான மதர்போர்ட் பலகைகளில் மட்டுமே வேலை செய்யும். இன்டெல் பலகையில் செருகினால் திரையே வராது. கோர் 2 டுவோ காலத்து ஜி 41 பலகைகள், எட்டுச் சில்லுகள் மட்டும் கொண்ட 4 ஜி.பி. துண்டை ஏற்காது, பதினாறு சில்லுகள் உள்ளதோ, இரண்டு 2 ஜி.பி. துண்டுகளோ வேண்டும். நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் கேட்பது 1.35 வோல்ட் வகை. ஆகவே பலகையின் மாதிரி இலக்கத்தை விலைமனுவிலேயே எழுதுங்கள். எஸ்.எஸ்.டி.க்குள் அசையும் பாகம் ஏதும் இல்லை. பொருத்தும் தட்டு இல்லாவிட்டால் இரண்டு திருகாணிகளே போதும். நிறுவுமுன் பயாசில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஏ.எச்.சி.ஐ. என்ற தெரிவு இருந்தால், சாட்டா முறை அதில் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இருபது கணினிகளிலும் தனித்தனியே நிறுவத் தேவையில்லை. ஒன்றை முழுமையாகத் தயார்செய்து, குளோன்சில்லா என்ற மென்பொருளால் பிரதி எடுத்து மற்றவற்றில் ஏற்றலாம். ஏற்றியபின் ஒவ்வொன்றிலும் கணினிப் பெயரையும் இயந்திர அடையாள எண்ணையும் மாற்றாவிட்டால், இரண்டு கணினிகள் ஒரே வலையமைப்பு முகவரியைப் பிடித்துக்கொண்டு மாறிமாறி அறுந்துபோகலாம். புதுப்பிப்புகளை ஒரு கணினி பதிவிறக்கி மற்றவற்றுக்குப் பங்கிட ஆப்ட் கேச்சர் என்.ஜி. என்ற மென்பொருள் இருக்கிறது. டேட்டா குறைந்த பாடசாலைக்கு அது கட்டாயம் வேண்டும்.

ஆசிரியர்கள் தயங்குவது பெரும்பாலும் வினாத்தாள்களை நினைத்துத்தான். அது நியாயமான கவலை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எனவே விண்டோசை அழிக்குமுன் பழைய வினாத்தாள்களை அங்கேயே பி.டி.எஃப். ஆக்கிச் சேமியுங்கள், மீண்டும் திருத்தவேண்டியவற்றை மட்டும் யுனிகோடுக்கு மாற்றினால் போதும். ரெங்கநாதன் விசைப்பலகை லினக்சிலும் உண்டு, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகச் சேர்க்கலாம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: அலுவலகங்களில் பரவலாக உள்ள கெனன் எல்.பி.பி. 2900 அச்சுப்பொறியை லினக்சில் ஓடவைப்பது பெரும்பாடு. அதற்கென அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் கணினியை இணையத்தில் இணைக்காமல் விட்டுவைப்பதே எங்கள் ஆலோசனை.

பரீட்சை பாதிக்கப்படுமா? உயர்தரத்துக்கான பைதனும், பஸ்கால் படிப்போருக்கான ஃபிரீ பஸ்காலும், லிப்ரே ஆபிசும் டெபியனில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேரளத்தில் அரச பாடசாலைகள் பத்தாம் வகுப்புக் கணினிச் செய்முறைப் பரீட்சையையே லினக்சில்தான் நடத்துகின்றன. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணத்தை ஒழுங்குபடுத்த இலங்கை நிரலாளர்கள் எழுதிய சகானா, திறந்த மூல மென்பொருளாகவே வெளிவந்து பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

இந்தக் கணினிகளில் என்ன படிப்பிக்கலாம் என்பதிலும் எங்களுக்கு ஓர் ஆசை உண்டு. பாடத்திட்டத்தைத் தொடவேண்டாம். தரம் 8, 9 மாணவருக்குக் கணினிக் கழகத்தில் வாரம் ஒரு பாடவேளை லிஸ்ப் என்ற நிரல்மொழியைக் கொடுங்கள். கணினி அறிஞர் ஜோன் மக்கார்த்தி 1958 இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மொழி அது. முதலில் ஓடியது ஐ.பி.எம். 704 இல், அந்த இயந்திரத்தின் நினைவகம் உச்சமாகவே 32,768 சொற்கள்தான். சிறுவருக்காக 1967 இல் வந்த லோகோவும் இதன் வழிவந்ததே. இன்று பாடசாலைக்குப் பொருத்தமானது, லிஸ்ப் குடும்பத்து ராக்கெட் மொழியில் நிரல் எழுதும் மென்பொருளான டொக்டர் ராக்கெட். அதில் தொடக்க மாணவருக்கென்றே சுருக்கிய ஒரு மொழி இருக்கிறது.

லிஸ்பில் கணக்குக் குறி அடைப்பின் தொடக்கத்தில் வரும், * என்பது பெருக்கல். (+ 12 (* 3 4)) என்று எழுதினால் எது முதலில் என்ற விதியை மனனம் செய்யத் தேவையில்லை; உள் அடைப்பு 12 ஆகி, பிறகு வெளி அடைப்பு 24 ஆவதை, படிமுறை காட்டும் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு படியாகப் பிள்ளை பார்க்கலாம். செவ்வகப் பரப்புக்கு ஒரு சார்பு (ஒரு கணக்கைச் செய்யும் நிரல் துண்டு) எழுதி அதற்குத் தமிழிலேயே பெயர் வைத்து, (பரப்பு 5 8) என்று கூப்பிட்டால் 40 வரும். முதல் வாரத்தில் ஒரு பிழை நிச்சயம் வரும்: இடைவெளி விடாமல் (+3 4) என்று அடிப்பார்கள். கணினி +3 ஐ ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டு, அடைப்புக்குறிக்குப் பின் சார்பு வரவேண்டிய இடத்தில் எண் இருக்கிறது என்று சொல்லும். அந்தச் செய்தியின் பொருளை ஆசிரியர் கரும்பலகையில் ஒருமுறை விளக்கிவிட்டால், அடுத்த பிழையைப் பிள்ளைகளே வாசித்துத் திருத்துவார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இது. மேலே சொன்ன பரிசோதனைகளை முடிக்காமல் எந்தக் கணினியையும் கழிக்கக்கூடாது என்று ஒரு சுற்றுநிருபம் அனுப்புங்கள். பாகங்களைப் பாடசாலைதோறும் அல்லாமல் வலய மட்டத்தில் மொத்தமாகக் கொள்வனவு செய்யுங்கள். திறந்த வடிவக் கோப்புகளையும் யுனிகோடுத் தமிழையும் உங்கள் அலுவலகங்கள் ஏற்கும் என்று எழுத்தில் அறிவியுங்கள். இல்லாவிட்டால் அதிபர்கள் துணியமாட்டார்கள். முதல் தவணையில் வலயத்துக்கு ஒரு பாடசாலை போதும். கரையோரத்தில் ஒன்று, உள்ளே ஒன்று என்று கலந்து தெரிவுசெய்தால் உப்புக்கும் புழுதிக்கும் எது தாக்குப்பிடிக்கிறது என்று தெரியவரும். அந்தப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு நிறுவுதலையும் திருத்துதலையும் சனிக்கிழமைகளில் கட்டணமின்றிச் சொல்லித்தர நாங்கள் ஆயத்தம்.

இப்படிக்கு,
திருகோணமலை நிரலாளரும் கணினி திருத்துநரும்