லாரி வந்த காலை

ஸ்மித்டன், டாஸ்மேனியா
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மணிக்கு,

நானும் அப்பாவும் நலம். ஜூலையில் வந்து பத்து நாள் தங்கிவிட்டு மெல்போர்ன் திரும்பிய மறுநாள் நீ அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "பொங்கலுக்கு மாடுகளின் நெற்றியில் மஞ்சள் பூசுகிற கையால் அவற்றை எப்படிம்மா இறைச்சிக்கூட லாரியில் ஏற்ற முடிகிறது?" தொலைபேசியில் பதில் சொல்லிவிடலாம் என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் மழை, புல், உன் வேலை என்று பேசி முடித்துவிட்டோம். கன்று ஈனும் பருவம் என்பதால் இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை டார்ச்சோடு மேய்ச்சல் காட்டைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது; போய் வந்த பிறகு தூக்கம் பிடிப்பதில்லை. அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அன்று காலை நீயும் உடன் இருந்தாய். ஏழு மணிக்கும் இருட்டு விலகாத குளிரில், இருபத்திரண்டு மாதம் வளர்ந்த பதினோரு காயடித்த காளைகளை நானும் அப்பாவும் மெல்ல நடத்திக்கொண்டு வர, லாரியில் ஏற்றும் சாய்தளத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. கடைசி மாடு ஏறியதும் கதவைச் சாத்தியதும் நீதான். யாரும் கத்தவில்லை, தடியை ஓங்கவில்லை, நாயைக்கூட வண்டியிலேயே கட்டிப்போட்டிருந்தோம். அந்த அமைதிதான் உன்னை அதிகம் வருத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அடித்து ஏற்றியிருந்தால் எங்கள்மேல் கோபப்பட்டு நீ தேறியிருப்பாய்.

அந்த அமைதியைப் பற்றி முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் இரக்கம் உண்டு, கணக்கும் உண்டு. 2011இல், எனக்கு இந்தத் தொழில் பாதிதான் தெரிந்திருந்தபோது, லாரி நிறைய வேண்டும் என்பதற்காக வெவ்வேறு காட்டில் மேய்ந்த இரண்டு கூட்டத்தை முதல் நாள் மாலை ஒரே பட்டியில் அடைத்தேன். ஒன்றையொன்று அறியாத மாடுகள் யார் பெரியவர் என்று இரவெல்லாம் முட்டிக்கொண்டிருந்தன. மாடு மிரண்டாலும் சண்டையிட்டாலும் தசையில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை தீர்ந்துபோகிறது. அறுத்த பிறகு அந்தச் சர்க்கரைதான் அமிலமாக மாறி இறைச்சியைப் பக்குவப்படுத்த வேண்டும். அது இல்லாவிட்டால், அமிலம் போதவில்லை என்று காட்டும்படி பிஎச் அளவு 5.7-ஐத் தாண்டி நின்றுவிடும், இறைச்சி கருஞ்சிவப்பாகிவிடும், விலை சரிந்துவிடும். அந்த முறை பதினான்கில் ஆறு அப்படிப் போயின. இறைச்சிக் கூடத்திலிருந்து வந்த தாளில் அந்த எண்களைப் பார்த்தபோது பண நட்டத்தைவிட ஒரு விஷயம் என்னைக் குடைந்தது: அந்த மாடுகளின் கடைசி இரவு எப்படி இருந்தது என்று யாரோ அளந்து எழுதி என் கையில் கொடுத்தது போல இருந்தது. ஏற்றுவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் கூட்டத்தைக் கலக்கக் கூடாது என்ற விதியை அதற்குப் பிறகு நான் ஒருமுறைகூட மீறியதில்லை. ஆனால் அன்பினால் மட்டுமே மெதுவாக ஓட்டுகிறேன் என்று உன்னிடம் சொன்னால் அது பொய்.

இனி நீ கேட்ட பொங்கல் பேச்சுக்கு வருகிறேன். அப்புச்சியின் தோட்டத்தை நீ பார்த்தபோது மாடுகள் போய் டிராக்டர் வந்திருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது அங்கே ஒரு ஜோடி காங்கயம் காளைகளும் நான்கு பசுக்களும் இருந்தன. கொம்பு சீவி, சாயம் பூசி, சலங்கை கட்டி, பட்டிப் பொங்கலன்று அவற்றுக்கு ஊட்டிய பிறகே நாங்கள் உண்போம். அதே காளைக்கு வயதாகி ஏர் இழுக்க முடியாமல் போனபோது அப்புச்சி அதைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிப்போனார். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசினார். லாரி பாலக்காட்டுப் பக்கம் போனது. அது எதற்குப் போகிறது என்பது அந்தச் சந்தையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவரும் வாய்திறந்து சொன்னதில்லை. அப்புச்சி வீட்டுக்கு வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு, அன்று முழுவதும் யாரோடும் பேசாமல் படுத்திருந்தார். வயதான மாட்டை விற்றதைப் பற்றி எங்கள் வீட்டில் எனக்கு நினைவு தெரிந்து ஒரு பேச்சும் நடந்ததில்லை. அங்கே நாங்கள் பூசிய சாயம் கண்ணுக்குத் தெரிந்தது, லாரி தெரியவில்லை. இங்கே இரண்டையும் நானே செய்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொல்லவில்லை. நீ கேட்ட கேள்வியை அப்புச்சியிடம் நான் கேட்டதில்லை என்பதைச் சொல்கிறேன்.

உனக்கு விவரம் தெரியாத வயதில் நடந்தவற்றையும் எழுதி வைக்கிறேன். 2005இல் அப்பாவுக்கு இங்கே செவிலியர் வேலை கிடைத்து வந்தபோது நான் இந்தக் காற்றை வெறுத்தேன். கேப் கிரிம் முனையில் 1976 முதல் ஒரு காற்றாய்வு நிலையம் இயங்குகிறது. கடல் தாண்டி நிலமே படாமல் வரும் மேற்குக் காற்று உலகத்திலேயே மாசு மிகக் குறைந்த காற்றுகளில் ஒன்று என்று அங்கே அளக்கிறார்கள். அந்த முனையின் பெயரையே இறைச்சிக்கும் சூட்டி ஊர் ஊராக விற்கிறார்கள். துணி உலர்த்தும் எனக்கு மட்டும் அது கொடியைப் பிய்த்துக்கொண்டு போகும் காற்றாகவே இருந்தது. அதே முனையில்தான் 1828இல் வான் டீமன்ஸ் லாண்ட் கம்பெனி என்ற ஆங்கிலேயர் நிறுவனத்தின் ஆட்டு மேய்ப்பர்கள் இந்த மண்ணின் பழங்குடி மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். நீ பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்ன பிறகே எனக்கு அது தெரியும். "நம் காடு" என்று சொல்லும்போது அதற்குப் பிறகு நாக்கு ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.

2008இல் நாற்பது ஹெக்டேரைக் குத்தகைக்கு எடுத்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் ஊர் மேய்ச்சல் நிலமான கொரங்காடு. கிளுவை வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவது அப்புச்சியின் வழக்கம். இங்கே கிளுவைக்குப் பதில் மின்வேலி, கொழுக்கட்டைப் புல்லுக்குப் பதில் ரைகிராஸும் குளோவரும். அந்த ஒரு பாடம் மட்டும் அப்படியே உதவியது. மற்றதெல்லாம் பக்கத்துப் பண்ணை வேலித் தாத்தாவிடம் கற்றது. (நீ ஐந்து வயதில் வைத்த பெயர் என்பது உனக்கு நினைவிருக்காது, வேலிக்கு அந்தப் பக்கம் மட்டுமே அவரைப் பார்த்ததால் அப்படிக் கூப்பிட்டாய்.)

முதல் குளிர்காலத்தில் ஒரு நல்ல பசு, கன்று போட்டு மூன்று வாரம் ஆனது, காலையில் மண்ணை உதைத்துக் கிளறியபடி செத்துக் கிடந்தது. நான் பாம்பு என்றேன். அவர் வேலியைத் தாண்டி வந்து, சுற்றிலும் பார்த்து, புல்லைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போனார். மாலையில் ஒரு மூட்டை மக்னீசியம் தூளைக் கொண்டுவந்து கதவருகே இறக்கினார். குளிரில் வேகமாகத் தளிர்க்கும் புல்லில் மக்னீசியம் போதாது, பால் கொடுக்கும் பசு அதைத் தாங்காது, தினமும் உலர்புல்லில் தூவிக் கொடுக்க வேண்டும் என்று அவர் எனக்கு விளக்கிய நேரம் இரண்டு நிமிடம் இருக்கும். மூட்டைக்குப் பணம் வாங்கவில்லை. இந்த ஊரில் உதவி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: கதவருகே இறக்கப்படும், பேசப்படாது.

2016 ஜனவரி 13ஆம் தேதி மின்னல் விழுந்து இந்தப் பகுதியில் பல இடங்களில் தீப்பற்றியபோது நீ பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்தாய். புகையில் சூரியன் தாமிரத் தட்டுப் போலத் தெரிந்தது உனக்கு நினைவிருக்கும். அப்பா தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். தீ நெருங்கிய இரண்டு பண்ணைகளின் மாடுகள் மூன்று வாரம் நம் மேற்குக் காட்டில் நின்றன. யாருடைய மாடு எது என்பதைக் காதுப் பட்டையின் எண்ணை வைத்துப் பிரித்தோம். அதே ஆண்டு ஜூனில் வெள்ளம் வந்து, கிழக்கே மெர்சி ஆற்றங்கரையில் பால் மாடுகள் அடித்துச் செல்லப்பட்டு, சில கடற்கரையில் கரையேறின என்று கேட்டபோது, கொட்டகையில் மிச்சமிருந்த இருபது உருளை உலர்புல்லை ஏற்றி அனுப்பினோம். நமக்கே போதாத ஆண்டு அது. அப்பா கால் முறிந்து கிடந்த வசந்தத்தில் ஒன்பது பேர் தங்கள் டிராக்டர்களோடு வந்து ஒரே நாளில் நம் சைலேஜை, அதாவது புளிக்கவைத்துச் சேமிக்கும் தீவனப் புல்லை, அறுத்துச் சுற்றிக் கொடுத்தார்கள். அவர்களில் இருவருக்குள் எல்லைத் தகராறு. அன்றைக்கும் ஒருவரோடொருவர் பேசவில்லை, வேலையை மட்டும் சேர்ந்து செய்தார்கள்.

ஊர் என்றால் எல்லாம் தேன் என்று நினைக்காதே. நான் வாங்கிய முதல் பொலிகாளையின் விலையைக் கேட்டு எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றும் கணக்குத் தெரியும். மாடு வளர்க்கிற பெண் மாட்டிறைச்சி தின்னமாட்டாளாம் என்பது பல ஆண்டுகளுக்கு ஊர்ப் பொது அரங்கத்து விருந்துகளில் வேடிக்கைப் பேச்சாக இருந்தது. இப்போது எனக்கென்று உருளைக்கிழங்குத் தட்டு ஒன்று ஓரமாக வந்துவிடுகிறது, யாரும் எதுவும் சொல்வதில்லை. உனக்குத் தெரியாத ஒன்று இதில் உண்டு. முதல் மாடுகளை விற்ற 2010இல், தான் விற்பது என்னவென்று அறியாதவள் விலை பேசக் கூடாது என்று தோன்றி, ஒரு துண்டைச் சமைத்துத் தின்றேன். நன்றாக இருந்தது. மறுபடி தின்னவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, அப்பாவும் கேட்டதில்லை.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இது. முடிகிறது, ஏனென்றால் அவற்றின் வாழ்நாள் என் கண் முன்னால் நடக்கிறது. இந்த மாநிலத்தில் மாட்டுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அவை பிறந்தது முதல் புல்லிலேயே நிற்கின்றன. இறைச்சிக் கூடம் முப்பது நிமிடத் தொலைவில் இருக்கிறது. இந்த மாநிலத்தைச் சேர்ந்த கிங் தீவில் 2012இல் இறைச்சிக் கூடத்தை மூடிய பிறகு அங்கே உள்ளவர்கள் மாட்டைக் கப்பலேற்றிக் கடல் கடத்த வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தக் கொடுமை இல்லை. ஆனால் முடிகிறது என்பதால் பழகிவிட்டது என்று எண்ணாதே. லாரி வரும் நாளில் நான் காலை உணவு உண்பதில்லை. எனக்கு வயிறு சரியில்லை என்று உன்னிடம் சொன்னேன், அது பொய். இறைச்சியை விட்டுவிட்டதாக நீ சொன்னபோது நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீ செய்வது சரியாகவும் இருக்கலாம். எனக்கு மாடில்லாமல் இருக்கத் தெரியாது. இந்த மண்ணில் மாட்டை வைத்திருக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

இனி செய்தி. இன்றோடு முப்பத்தொரு கன்றுகள். நேற்று இரவு ஒரு கிடாரிக்குத் தலைச்சன் கன்று பின்புறமாகத் திரும்பியிருந்தது. தோள்வரை கைவிட்டு, கயிறு கட்டி, அது முக்கும்போது மட்டும் இழுத்து, நாற்பது நிமிடத்தில் எடுத்தோம். மூக்கில் வைக்கோல் குச்சியை விட்டதும் தும்மியது. தாய் நக்க மறுத்துத் தள்ளி நின்றது. கன்றின்மேல் கொஞ்சம் உப்பைத் தூவினேன், பிறகு சரியாகிவிட்டது. நஞ்சுக்கொடியைத் தின்ன டாஸ்மேனியன் டெவில் என்ற காட்டு விலங்கு ஒன்று வேலியோரம் வந்து உறுமியது. முகக்கட்டி நோய் வந்த பிறகு அவற்றின் சத்தமே அரிதாகிவிட்டதால், அதை விரட்ட மனமில்லாமல் டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன்.

வேலித் தாத்தா மாடுகளை விடுகிறார். எண்பத்தொன்று ஆகிறது, இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அவருடைய பதினான்கு பசுக்களை ஏலத்துக்கு அனுப்பாமல் நாம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கேட்டபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். அவற்றில் ஒன்பது ஈற்று ஈன்ற கிழட்டுப் பசு ஒன்று இருக்கிறது, இனிச் சினை பிடிக்காது. அதை மட்டும் அவருடைய சன்னலுக்கு எதிரே உள்ள காட்டில் விட்டுவைக்கப் போகிறோம். இதற்குக் கணக்கு எதுவும் கிடையாது.

அடுத்த லாரி நவம்பரில் வரும். நீ அப்போது வருவதாக இருந்தால் வா. முன்கூட்டியே தேதியைச் சொல்லிவிடுகிறேன். கதவை அப்பா பிடித்துக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா